கட்டு இல்லாத கால்

தொலைக்காட்சியில் கபடி போட்டால் என் கண் முதலில் போவது ஆடுகிறவர்களின் கணுக்காலுக்குத்தான். யார் எத்தனை புள்ளி எடுத்தார்கள் என்பதெல்லாம் என் வீட்டுக்காரர் பாடு. இப்போது நிறையப் பேர் இரண்டு கணுக்காலிலும் கட்டுப் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். எது நல்ல கால், எது அடிபட்ட கால் என்று எதிரணிக்கு ஒன்றும் புரியாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும், கூடவே தங்கமணியின் ஞாபகமும் வரும்.

போன மாதம், நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலிருந்து இப்போதைய பிசியோதெரபி பிரிவின் தலைவி போன் பண்ணினாள். ஒற்றைக்காலில் நிற்கும்போது உடம்பு எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்று திரையில் கோடு போட்டுக் காட்டுகிற மெஷின் ஒன்று வந்திருக்கிறதாம். அதையொட்டி ஒரு சிறப்பு மலர் போடுகிறார்களாம். "அந்தக் காலத்துல இதெல்லாம் இல்லாம எப்படிக்கா பாத்தீங்க? ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க" என்றாள். கண்ணால்தான் பார்த்தோம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. கண்ணால் மட்டுமா பார்த்தோம்? காதாலும் பார்த்தோம். அதை எழுதாமல் விட்டால் தாமோதரன் சாருக்கு நான் துரோகம் செய்த மாதிரி ஆகிவிடும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சென்னையில் எலும்பு, தசை, நரம்பு எல்லாவற்றின் பெயரையும் மனப்பாடம் செய்தேன், விடுதிச் சாப்பாட்டில் இளைத்தேன், தேறினேன். எழுபதுகளின் நடுவில் சேலத்துக்கு வேலைக்கு வந்தேன். வராந்தாவின் கோடியில் இருந்தது எங்கள் அறை. ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் 'கரண்டு வைக்கிற ரூம்'. மேட்டூரிலிருந்தும் ஓமலூரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள், மெஷினில் வயரை மாட்டி உடம்பில் வைத்தால்தான் வைத்தியம் என்று நம்பினார்கள். காலை இப்படித் தூக்கு, அப்படி மடக்கு என்று நான் சொன்னால் முகம் சுண்டிப்போகும். "கையக் கால ஆட்டறதுக்காங்க சிஸ்டரு இத்தனை தூரம் வந்தோம்?" என்று ஒரு பெரியவர் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். நான் சிஸ்டரும் இல்லை. அதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

எங்கள் பிரிவின் தலைவர் தாமோதரன் சார் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஒல்லியான மனிதர், அரைக்கை வெள்ளைச் சட்டை. அவருக்கென்று போட்டிருந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நோயாளியின் காலடியில், தரையில், குத்துக்காலிட்டு உட்காருவார். புதிதாக வருகிறவர்கள் அவரைக் கடைநிலை ஊழியர் என்று நினைத்து, "டாக்டர் எப்பங்க வருவாரு?" என்று கேட்பார்கள். "வந்துடுவாரு, அதுக்குள்ள காலைக் காட்டுங்க" என்பார். பாதிப் பரிசோதனை முடிந்த பிறகுதான் விஷயம் அவர்களுக்கு விளங்கும்.

அவர் கல்லூரியில் வாலிபால் ஆடியவர். வலைக்கு அடியில் இன்னொருவன் காலின் மேல் இறங்கிக் கணுக்கால் மடங்கி, மாவுக்கட்டுப் போட்டு, வலி போனதும் மறுபடி ஆடி, மறுபடி மடங்கி, அதோடு ஆட்டத்தை விட்டவர். "வலி போயிடுச்சுன்னா கால் சரியாப் போச்சுன்னு நெனச்சேன்ம்மா. யாரும் எனக்குச் சொல்லலை" என்று ஒருமுறை சொன்னார். அந்த ஆதங்கம் அவருக்கு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. விளையாட்டுப் பிள்ளைகள் யாராவது கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வந்தால் மற்ற வேலையை என்னிடம் தள்ளிவிட்டு அவர்களிடம் போய்விடுவார்.

அவர் எனக்கு விளக்கியது இதுதான். கணுக்காலைக் கட்டி நிறுத்தியிருக்கிற தசைநார்களுக்கு எலும்பைப் பிடித்துக்கொள்வது மட்டும் வேலை இல்லை. பாதம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று மேலே சேதி அனுப்புவதும் அவைதான். நார் ஒருமுறை கிழிந்து ஆறினால் பிடிப்பு வந்துவிடும், சேதி மட்டும் தாமதமாகும். பஸ் போன பிறகு ஸ்டாண்டுக்கு ஓடுகிற ஆள் மாதிரி, பாதம் மடங்கிய பிறகுதான் தசை இழுத்துப் பிடிக்கப் பார்க்கும். அந்தச் சேதியைச் சுறுசுறுப்பாக்கத்தான் பயிற்சி. இதற்காகவே வட்டமான பலகை ஒன்றைச் செய்யச் சொல்லி, அதன் அடியில் கட்டில் கால் கடைகிறவரிடம் கடைந்து வாங்கிய அரைப்பந்தை முடுக்கி வைத்திருந்தார். அதன்மேல் ஏறினால் எந்தத் திசையிலும் சாயும். ஆட்டப் பலகை என்போம். முதலில் நாற்காலியில் உட்கார்ந்தபடி பாதத்தால் அதை உருட்ட வேண்டும், பிறகு இரண்டு காலால் நிற்க வேண்டும், கடைசியில் ஒற்றைக்காலில்.

அவரிடம் மாற்ற முடியாத வழக்கம் ஒன்று இருந்தது. எந்த நோயாளி வந்தாலும் அடிபட்ட காலை முதலில் தொட மாட்டார். நானும் தொடக்கூடாது. "கெட்ட காலைப் பாக்கத்தாம்மா எல்லாரும் ஓடுவாங்க. மொதல்ல நல்ல காலைக் கேக்கணும். இந்த ஆளுக்குன்னு இருக்கற அளவு அதுல இருக்கு. அது தெரியாம, இது எவ்வளவு கெட்டிருக்குன்னு எப்படிச் சொல்லுவே?" என்பார். எனக்கோ எதிலும் அவசரம். வராந்தாவில் வரிசை நிற்கும்போது நல்ல காலை இழுத்துப் பார்த்துக்கொண்டு இருப்பது வெட்டி வேலையாகத் தெரியும். முணுமுணுத்துக்கொண்டேதான் செய்வேன். அந்த வழக்கம் இல்லாவிட்டால் தங்கமணி என்று ஒரு ஆட்டக்காரி எங்களுக்குக் கிடைத்தே இருக்க மாட்டாள்.

எண்பதுகளின் தொடக்கம். ஜலகண்டாபுரம் பக்கத்திலிருந்து அவள் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும், கல்யாணம் ஆனவள். வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிற குடும்பம். புருஷன் தறியை விட்டு நகர முடியாது என்பதால் கூட வந்தது மாமியார் பாவாயி அம்மாள். வாட்டசாட்டமான அம்மாள். வந்ததும் வராததுமாக எனக்கு முழுக்கதையும் சொல்லிவிட்டார்.

"என்ற மருமவ கபடி ஆடறவளுங்க சாமி. நோம்பி சமயத்துல ஆடறதைப் பாத்துப்போட்டுத்தான் நானே போயிப் பொண்ணு கேட்டேன். காத்தாட்டம் போயிட்டு வருவாளுங்க. காலு பெரண்டு போச்சு. என்னென்னமோ பத்துப் போட்டுப் பாத்தாச்சு, அடிக்கடி மடங்குதுங்க."

நோம்பி என்றால் அங்கே ஊர்த் திருவிழா. தங்கமணிக்கு என்ன அவசரம் என்பதையும் மாமியார்தான் சொன்னார். அரசு நிறுவனம் ஒன்று பெண்கள் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறது. தேர்வு ஆட்டம் சேலத்தில், மழைக்காலம் முடிந்த பிறகு. தேறினால் நிரந்தர வேலை, ஆடிக்கொண்டும் இருக்கலாம். வயது வரம்பின்படி தங்கமணிக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

வலது கணுக்காலில் துணிப்பட்டை சுற்றியிருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட கறை, காய்ச்சின எண்ணெய் வாடை. டாக்டர் சீட்டிலும் வலது என்றுதான் இருந்தது. அவள் சொன்னதை அவர் எழுதியிருந்தார். கட்டிலில் படுக்க வைத்து, வழக்கப்படி கட்டு இல்லாத இடது காலை எடுத்தேன். குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, இன்னொரு கையால் கணுக்காலுக்கு மேல் எலும்பை அழுத்திப் பிடித்து, குதிகாலை முன்னால் இழுக்க வேண்டும். நல்ல காலாக இருந்தால் 'டக்' என்று ஒரு இடத்தில் நிற்கும். இது நிற்கவில்லை. பழைய மேசையின் இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு முன்னால் வந்தது. வெளிப்பக்க எலும்புக்குக் கீழே மெத்தென்று வீக்கம் வேறு.

என் கையில்தான் தப்பு என்று நினைத்து, "சார், கொஞ்சம் பாருங்க" என்றேன். அவர் தரையில் உட்கார்ந்தபடியே இடது காலை இழுத்துப் பார்த்தார். பிறகு தானே வலது காலின் கட்டை அவிழ்த்து, அதையும் இழுத்துப் பார்த்தார். அது கல் மாதிரி இருந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, கட்டு எந்தக் கால்ல இருக்கணும்?"

தங்கமணி மாமியாரைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

கபடியில் பாடிப் போகிறவளை மடக்குவதற்குக் கணுக்காலைப் பிடிப்பதுதான் முக்கியமான பிடி. கட்டுப் போட்ட கால் என்றால் எதிரணி அதையே குறி வைக்கும். அதனால் அந்தப் பக்கத்து ஆட்டக்காரிகள் சிலர் நல்ல காலில் கட்டிக்கொண்டு இறங்குவார்களாம். எதிரணி ஏமாந்து நல்ல காலைப் பிடிக்கும், அது தாங்கிக்கொள்ளும். தங்கமணியும் அதைத்தான் செய்திருந்தாள். மைதானத்தில் செய்தது சரி, வீட்டிலும் ஏன்? அதற்கும் காரணம் இருந்தது. பாவாயி அம்மாளின் பிறந்த ஊர் ஓமலூர்ப் பக்கம். அவருடைய அண்ணன் மகள் ஜோதி அந்த ஊர் அணியில் ஆடுகிறவள். மூலையில் நின்று பாய்ந்து காலைப் பிடிப்பதில் பேர் எடுத்தவள். தேர்வு ஆட்டத்துக்கு அவளும் வருகிறாள்.

"அத்தை வாராவாரம் அங்க போயிட்டு வாரவங்க. அவங்களுக்கு மனசுல ஒண்ணும் நிக்காதுங்க. பேச்சுவாக்குல சொல்லிப்போட்டாங்கன்னா?" என்று தங்கமணி என்னிடம் மெல்லச் சொன்னாள். "இங்க சொல்லிக் குடுக்கறதை ஊட்ல போயி எடது காலுக்குப் பண்ணிக்கலாமுன்னு இருந்தனுங்க."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பாவாயி அம்மாள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அப்ப இத்தனை நாளு, நான் உப்பு வறுத்து ஒத்தடம் குடுத்தது?"

"நல்ல காலுக்குங்க அத்தை."

"ஊர்ல இருக்கறவங்களுக்குச் சரி சாமி. ஊட்ல இருக்கற எனக்குமா?"

அந்த அம்மாள் சத்தம் போட்டிருந்தால் தேவலை. புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வராந்தாவில் போய் உட்கார்ந்துவிட்டார். தாமோதரன் சார் எழுந்து பின்னாலேயே போனார். அங்கேயும் தரையில்தான் உட்கார்ந்தார்.

"அம்மா, உங்க ஒத்தடம் வீண் போகலை. அந்தக் கால் எவ்வளவு நல்லா இருக்குன்னு இப்பத்தான் பாத்தேன். இனிமே அதுதான் எனக்கு அளவு. அது மாதிரி இதைக் கொண்டு வரணும். நீங்க இல்லாம முடியாது."

பாவாயி அம்மாள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், "நானாப் போயிச் சொல்ல மாட்டனுங்க. ஆனா அவங்க கேட்டுப்போட்டா, எனக்குப் பொய் சொல்ல வராதுங்களே" என்றார்.

வாரத்துக்கு இரண்டு தடவை வரச் சொன்னோம். தங்கமணி உட்கார்ந்து பலகையை உருட்டினாள். சைக்கிள் டியூப் ஒன்றைக் கட்டில் காலில் கட்டி, அதைப் பாதத்தின் வெளிப்பக்கத்தால் இழுத்து இழுத்து விட்டாள். கணுக்கால் உள்ளே மடங்காமல் காப்பாற்றுகிற தசைக்கு அதுதான் சாப்பாடு. பிறகு ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னோம். கண்ணைத் திறந்துகொண்டு ஒருவாறு நின்றாள். கண்ணை மூடச் சொன்னால், கணுக்காலின் முன்பக்க நரம்புகள் புடைத்துக்கொண்டு விரல்கள் தரையைப் பிராண்ட ஆரம்பிக்கும். மறுகணம் சாய்ந்துவிடுவாள். அந்த நரம்பு ஆட்டத்தைத்தான் சார் உட்கார்ந்த இடத்தில் இருந்து பார்த்துக்கொண்டே இருப்பார். இன்றைய மெஷின் கோடு போட்டுக் காட்டுவது அதைத்தான்.

மாமியார் கூடவே வந்தார், ஆனால் மருமகளோடு பேச்சில்லை. அறைக்குள் வந்து சுவர் ஓரமாக நிற்பார். ஒருநாள் தங்கமணி பலகைமேல் முதல்முறையாக ஒற்றைக்காலில் ஏறினாள். பலகை சாய்ந்தது. நான் எட்டுவதற்குள் பாவாயி அம்மாளின் கை அவள் முழங்கைக்கு அடியில் போய்விட்டது. "எங்க பாத்துட்டு நிக்கற? நேராப் பாரு சாமி" என்று ஒரு அதட்டல். தங்கமணி நேராகப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள், பலகைமேல் நின்றாள். அன்றைக்கு எனக்கும் கண்ணீர் வந்தது. மறைக்கவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்தே செய்தார்கள். "ஒத்தக்கால்ல நிக்கறதைப் பாத்துப்போட்டு, மாமியாளும் மருமவளும் கொக்காயிட்டாங்கன்னு தெருவே சிரிக்குதுங்க" என்று பாவாயி அம்மாளே சொல்லிச் சிரித்தார்.

ஒருநாள் தங்கமணி எங்கள் தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க தரை சும்மா கெடக்குதுங்கக்கா. எங்கூட்ல தரை ஆடுமுங்க" என்றாள். தறிகள் ஓடும்போது கொட்டகையை ஒட்டிய நடையில் நின்றால் உள்ளங்காலில் அதிர்வு ஏறுமாம். சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பெல்ட் ஓடுகிற இடத்தில் கண்ணை மூடக்கூடாது, கொட்டகைக்கு வெளியே, கதவைச் சாத்திவிட்டு, மாமியார் பக்கத்தில் இருக்கும்போதுதான் என்று நிபந்தனை போட்டு, அங்கேயே நின்று பழகச் சொன்னார். மாதக் கணக்கில் அந்த ஆடுகிற தரையில் நின்றவளுக்கு எங்கள் ஆட்டப் பலகை லேசாகிவிட்டது. கண்ணை மூடி அதன்மேல் நின்று, நான் பெயர் சொன்னதும் கண் திறந்து, வீசுகிற பந்தைப் பிடிக்கிற அளவுக்கு வந்துவிட்டாள்.

எனக்குத் திருப்தி. சாருக்கு இல்லை. அவருடைய கடைசிப் பரிசோதனை ஒன்று பாக்கி இருந்தது. முக்காலிமேல் ஏறி, ஒற்றைக்காலில் தரையில் குதிக்க வேண்டும். முதலில் வலது, பிறகு இடது, பிறகு அவள் இஷ்டத்துக்கு மாற்றி மாற்றி. சார் அவளுக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். குதிக்கிற சத்தத்தை வைத்தே எந்தக் கால் என்று சொல்லிவிடுவார். "இடது." "வலது." "மறுபடி இடது. அது இன்னும் பயப்படுதும்மா. தரையைத் தொடறதுக்கு முன்னாடியே வெறைச்சுக்குது, அதான் அந்தச் சத்தம்." இரண்டு காலும் ஒரே மாதிரி, மெத்தென்று இறங்க வேண்டும். எது எது என்று அவரால் சொல்ல முடியாமல் போகிற அன்றைக்குத்தான் அவள் ஆடலாம்.

வாரங்கள் போயின. ஒவ்வொரு முறையும் அவர் சரியாகச் சொல்லித் தொலைத்தார். தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. "வேணும்னே தப்பாச் சொல்லுங்க சார்" என்றுகூட நான் கேட்டுவிட்டேன். "நான் தப்பாச் சொன்னா அவ கால் தப்பா மடங்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

வீட்டில் பழகியும் அந்த மெத்தென்ற இறக்கம் ஏன் வரவில்லை என்று பிறகுதான் புரிந்தது. தறிச் சத்தத்தில் அவளால் தன் கால் இறங்குகிற சத்தத்தைக் கேட்கவே முடியவில்லை. தறி நிற்கிற நேரம் ஒன்றுதான், மின்வெட்டு. ஊரே மின்சார வாரியத்தைத் திட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒரு வீட்டில் மட்டும் மின்வெட்டுக்குக் காத்திருந்தார்கள். தறி நின்றதும், "கரண்டு போச்சு, வா சாமி" என்று பாவாயி அம்மாள் குரல் கொடுப்பாராம். தங்கமணி முக்காலி போட்டுக் குதிப்பாள். மாமியார் எங்கள் சார் மாதிரியே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "எடது, வலது" என்று சொல்லிக்கொண்டு இருப்பார். மகன் தறி நின்ற வருத்தத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருப்பானாம்.

இதற்கு நடுவில் நடந்த ஒன்றை அவர்கள் என்னிடம் சொல்லவில்லை. தேர்வுக்கு முந்தின வாரம் அவர்கள் வந்தார்கள். தங்கமணி குதித்தாள். சார் சுவரைப் பார்த்தபடி, "வலது" என்றார். அது இடது. அடுத்ததற்கு வாயைத் திறந்தார், மூடினார். "தெரியலையேம்மா" என்றார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் தனக்குத் தெரியவில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை.

தேர்வு அன்று சாரும் நானும் அரைநாள் லீவு போட்டுவிட்டு மைதானத்துக்குப் போனோம். உடை மாற்றுகிற தடுப்புக்குள் தங்கமணி என்னைக் கூப்பிட்டாள். கட்டுப் பட்டையை என் கையில் கொடுத்தாள். நான் வழக்கப்படி வலது காலை எடுத்தேன். அவள் இடது காலை நீட்டினாள்.

"இந்தக் கால்லயே கட்டுங்கக்கா."

"பைத்தியமா உனக்கு? ஜோதி உனக்கு எதிர் அணியில இருக்கா. நேரா அதுலதான் வந்து விழுவா."

"அத்தை இந்த வருசம் நோம்பிக்குப் பொறந்த ஊட்டுக்குப் போவலீங்க. அவங்க அண்ணன் வந்து கூப்புட்டும் போவலை. போனா ஜோதி கேப்பா, கேட்டாப் பொய் சொல்ல வராதுன்னு, மேலுக்குச் சொகமில்லைன்னு படுத்துக்கிட்டாங்க. அந்த ஒரு பொய்யே அவங்களுக்குத் தாங்கலீங்க. இன்னிக்கு ஜோதி நேராவே வந்து கேப்பா. அவங்க உள்ளதைச் சொல்லட்டுமுங்க. காலை நான் பாத்துக்கறேன்."

நான் சாரைக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. பட்டையை இடது காலிலேயே சுற்றினேன். அவள் கால் ஆடாமல் இருந்தது.

அவள் சொன்ன மாதிரியே நடந்தது. கட்டு இருக்கிற காலைப் பார்த்துப் பாவாயி அம்மாள் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் பேசுவதற்குள் ஜோதி ஓடி வந்தாள். நல்ல சிரித்த முகம் உள்ள பெண், பார்த்தால் யாருக்கும் பிடிக்கும்.

"ஏனுங்கத்தை, நோம்பிக்கு வரவே இல்லை? அப்பா அன்னிக்கெல்லாம் சோறே உங்கலை." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கு எந்தக் காலுங்கத்தை?"

பாவாயி அம்மாள் மைதானத்தின் நடுவில் நின்ற மருமகளைப் பார்த்தார். எவ்வளவு நாள் கழித்து அந்த முகத்திலிருந்து பாரம் இறங்கியதோ, எனக்குத் தெரியாது. "கட்டுப் போட்ட காலுதான் கண்ணு" என்றார். "போ, நல்லா ஆடு. ரெண்டு பேரும் நல்லா ஆடுங்க."

ஜோதி நல்லாவே ஆடினாள். தங்கமணி முதல் இரண்டு முறை பாடிப் போய் ஒன்றும் இல்லாமல் திரும்பினாள். மூன்றாவது முறை ஜோதியின் மூலைக்கே போனாள். வலது காலை வீசித் தொட்டுவிட்டுத் திரும்ப, உடம்பின் பாரம் முழுக்க இடது காலில் இருந்த நொடியில் ஜோதி பாய்ந்தாள். இரண்டு கையும் கட்டின்மேல் பூட்டுப் போட்ட மாதிரி விழுந்தன. பாதம் உள்பக்கமாகச் சாய்ந்ததைப் பார்த்தேன். எத்தனையோ மாதமாக நாங்கள் பயந்த சாய்வு அதுதான். பாவாயி அம்மாள் என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

சாய்ந்த பாதம் நின்றது. நின்று, திரும்ப நேரானது. அந்தத் தூரத்தில் கணுக்கால் நரம்பு தெரியாதுதான், நான் பார்த்தேன் என்றே சொல்வேன். தங்கமணி அந்த ஒற்றைக்காலிலேயே முறுக்கி எழும்பி, ஜோதியையும் இழுத்துக்கொண்டு விழுந்தாள். அவள் விரல் நுனி நடுக்கோட்டைத் தாண்டிக் கிடந்தது. வாய் இன்னும் கபடி கபடி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

என் தோள் வலித்தது. திரும்பிப் பார்த்தால் பாவாயி அம்மாள் இடது காலில் மட்டும் நின்றுகொண்டிருந்தார், வலது கால் அந்தரத்தில். தான் அப்படி நிற்பது அவருக்கே தெரியவில்லை. தாமோதரன் சாரைத் தேடினேன். மைதானத்துக்கு முதுகைக் காட்டி, வேலியைப் பார்த்து நின்றார். "என்ன சார், இங்கயும் சத்தம் கேக்கறீங்களா?" என்றேன். "இல்லம்மா வசந்தா. பாக்க முடியலை. அதான் திரும்பிக்கிட்டேன்" என்றார்.

சாயங்காலம் பெயர்களை வாசித்தார்கள். தங்கமணியின் பெயர் இருந்தது. ஜோதியின் பெயர் அந்த வருஷம் இல்லை, அடுத்த வருஷம் வந்தது. பிறகு இருவரும் ஒரே அணியில் ஆடினார்கள், ஒரே அலுவலகத்தில் இருந்தார்கள். சார் ஓய்வு பெற்றுச் சில வருஷங்களில் காலமானார். இதையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிட்டேன், ஏனென்றால் நான் முடிக்க நினைப்பது அன்றைய சாயங்காலத்தில்.

மைதானத்துக்கு வெளியே டீக்கடை ஒன்று. பாவாயி அம்மாள் வீட்டிலிருந்து ஒரு துணியில் கல்லுப்பு முடிந்து கொண்டுவந்திருந்தார். டீக்கடைக்காரரிடம் கெஞ்சி அடுப்பு ஓரத்தில் அதைச் சூடு பண்ணினார். தங்கமணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், உடம்பெல்லாம் மண். மாமியார் அவள் காலடியில், தரையில், குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சாரும் நானும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றோம்.

"எந்தக் காலு சாமி?"

"எடதுதானுங்க அத்தை" என்று தங்கமணி காலை நீட்டினாள்.

பாவாயி அம்மாள் உப்பு முடிச்சை மடியில் வைத்துவிட்டு, அவளுடைய வலது காலைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"பொறு சாமி," என்றார். "நல்ல காலை மொதல்ல கேக்கோணும்."